எண்பத்தையாயிரம் ரூபா எலுமிச்சம்பழம்

ஓர் எலுமிச்சம்பழத்தின் விலை எண்பத்தையாயிரம் ரூபா என்று அரசாங்கம் கண்டுபிடித்த கதை இது. கண்டுபிடித்தவர்களுக்குச் சம்பளம் உண்டு, படி உண்டு, குளிர்சாதனம் போட்ட வாகனம் உண்டு. மாட்டிக்கொண்ட பாக்கியலெட்சுமிக்கு ஹாலிஎலவுக்கு மேலே நெடும்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் ஓர் அறைக் காம்பரா உண்டு. அந்தக் காம்பராவுக்குப் பாதிக் கூரை உண்டு.

பாக்கியலெட்சுமி கொழுந்து எடுக்கிறவள். கடைசி நிறுவை முடிந்து மலையிலிருந்து இறங்கினால் ஊறுகாய் போடுகிறவள். லயத்துக்குப் பின்னால் ஓர் எலுமிச்சை மரம் நிற்கிறது. அது போதாவிட்டால் சந்தையில் பழம் வாங்குவாள். மகள் தனுஜா கொழும்புக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் அம்மாவின் போனில் ‘பாக்கியம் ஊறுகாய்’ என்று ஒரு பேஸ்புக் பக்கம் திறந்து, ஓடர் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். போத்தல் அறுநூற்றைம்பது ரூபா. வெறும் போத்தல் கொடுப்பதும், நிரப்பிய போத்தலைப் பார்சல் கட்டி அனுப்புவதும் பதுளை பஸாரில் கடை வைத்திருக்கும் பலீல் நானா. எண்ணெய்க்கும் பழத்துக்கும் பார்சலுக்கும் போக கையில் நிற்பது நூறோ நூற்றைம்பதோ. இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி பேங்கில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் சேர்த்திருந்தாள். அவ்வளவும் கூரைக்கு. தீபாவளி மழைக்கு முன் புதுத் தகரம் ஏறிவிட வேண்டும் என்பது அவளுக்கும் புருஷன் அழகருக்கும் இருந்த ஒரே திட்டம். போன வருஷ மழையில் அழகர் வயிற்றின் மேல் சட்டியை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான்.

இதற்குள் எண்பத்தையாயிரம் எப்படி நுழைந்தது என்றால், மாரியம்மன் கோயில் வழியாக.

தோட்டத்துத் திருவிழாவின் கடைசி நாள் அம்மன் காலடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவது வழக்கம். எடுத்தவருக்கு நல்லது நடக்கும். பணத்தை அப்போதே எண்ணி வைக்க வேண்டியதில்லை. அடுத்த வருஷம் கொடியேறுவதற்குள் கோயிலில் கட்டினால் போதும். இதுவரை யாரும் கட்டாமல் விட்டதில்லை. இந்தச் சித்திரையில் கோயில் கமிட்டித் தலைவர் பாக்கியலெட்சுமியிடம் வந்து, “ஒன் பக்கத்துல மூவாயிரம் பேர் இருக்காங்களாமே, ஏலத்த அதுல காட்டும்மா, வெளியூர்ல இருக்க நம்ம பசங்களும் கேப்பாங்க” என்றார். காட்டினாள். டோஹாவில் ஹோட்டல் சமையல்கட்டில் இருக்கும் ரமேஸ் கொமண்டில் கேட்டுக் கேட்டு ஏற்றி, எண்பத்தையாயிரத்தில் பழத்தை எடுத்தான். கலியாணமாகி எட்டு வருஷம், பிள்ளையில்லை. பாக்கியலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, பழக்க தோஷத்தில், கீழே இப்படி எழுதிவிட்டாள்: “பழம் வித்து முடிஞ்சது. ஊறுகாய் வேணும்னா இன்பொக்ஸ் வாங்க.”

ஆவணியில் கடிதம் வந்தது. பதுளையில் ‘இணையவழி வருமான விசேட அவதானிப்புப் பிரிவு’ என்று ஒன்று முளைத்திருப்பது அதற்கு முன் யாருக்கும் தெரியாது. கடிதம் தமிழில்தான் இருந்தது. “தங்களது இணையவழி வர்த்தக நடவடிக்கைகளின் பிரகாரம் வெளிப்படுத்தப்படாத உயர்பெறுமதிக் கனிவர்க்கக் கொடுக்கல்வாங்கல் அவதானிக்கப்பட்டுள்ளமையினால்...” என்று தொடங்கி, மூச்சு விடாமல் ஒரு பக்கம் போய், கடைசியில் பேங்க் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று முடிந்தது. பாக்கியலெட்சுமிக்கு அந்தக் கடைசி வரி மட்டும் நன்றாகப் புரிந்தது.

“ஒங்கட வருமானத்துக்கு வரியே இல்ல தங்கச்சி, எல்லக்கோடு எங்கயோ மேல கெடக்குது” என்றார் பலீல் நானா. “போய் நடந்ததச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேல.”

ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, அதாவது ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பதுளைக்குப் போனாள். பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. சுவரில் ‘உண்மை சொல்வோம், நாட்டை உயர்த்துவோம்’ என்று பெரிய எழுத்தில் பலகை. அதன் கீழே உட்கார மூன்று நாற்காலிகள் இருந்தன. மூன்றின் மேலும் பைல் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. மூன்று மணிநேரம் நின்ற பிறகு விஜேந்திரன் என்ற அதிகாரி கூப்பிட்டார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் நாலு பேனா. அவர் மேசையில் பேஸ்புக் பக்கம் கலரில் அச்சடித்துக் கிடந்தது.

“எத்தன பழம் விக்கிறீங்க?”

“பழம் விக்கல சேர். ஊறுகாய்.”

“இதுல ‘பழம் வித்து முடிஞ்சது’ன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?”

“அது அம்மன் பழம் சேர். கோயில் ஏலம்.”

“ஏலம்னா விற்பனதான?”

“ஆமாங்க, ஆனா...”

“ஆனான்னு எழுத இந்தப் படிவத்துல எடம் இல்லம்மா” என்றார் விஜேந்திரன், மிகவும் கனிவாக. “ஒரு போத்தல்ல எத்தன பழம் போடுவீங்க?”

“பன்னெண்டு.”

அவர் கணக்குப் பொறியைத் தட்டினார். பன்னிரண்டை எண்பத்தையாயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சத்து இருபதாயிரம் வந்தது. இன்னொரு தரம் தட்டினார். அதேதான் வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். முப்பது வருஷ சேவையில் இப்படி ஒரு கள்ளியை அவர் பார்த்ததில்லை போல.

“பத்து லட்சத்து இருபதாயிரம் ரூபா சரக்க அறுநூத்தம்பதுக்குக் குடுக்கிறதா வெளியில காட்டுறீங்க. மிச்சத்த எங்க வச்சு வாங்குறீங்க?”

“சேர், ஹாலிஎல சந்தையில ஒரு பழம் இருவது ரூபாங்க. நீங்களே வந்து பாருங்க.”

“சந்த இணையத்துல இல்லையே. எங்க கட்டமைப்பு இணையத்துல உள்ளத மட்டுந்தான் பாக்கும். இணையத்துல எலுமிச்சம்பழத்துக்கு ஒரே ஒரு வெலதான் இருக்கு. அதப் போட்டது நீங்க.”

அவள் சொன்னதெல்லாம் அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து ஒரு முத்திரையை எடுத்துக் குத்தினார்: ‘விளக்கம் திருப்தியற்றது.’

இரண்டாம் முறை கோயில் கமிட்டியின் கடிதத்தோடு போனாள். இன்னொரு பேர் போயிற்று. பழம் கோயிலுடையது, பணம் கோயிலுக்கு வரவேண்டியது, அதுவும் இன்னும் வரவில்லை, அடுத்த சித்திரைக்குள் வரும் என்று தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். விஜேந்திரன் அதை மூன்று தரம் படித்தார். அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. அதைப் பார்த்து பாக்கியலெட்சுமிக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

“அப்ப காசு இன்னும் வரல்ல.”

“ஆமாங்க சேர்.”

“வரவேண்டிய வருமானம்” என்று எழுதினார். “இதுக்குத் தாமதக் கட்டணம் தனியா இருக்கு. நீங்களாச் சொன்னது நல்லதாப் போச்சு. சரி, பழத்தோட சொந்தக்காரர் யாரு?”

“அம்மன் சேர்.”

“முழுப் பேரு?”

“மாரியம்மன்.”

“வரி இலக்கம்?”

நெற்றியில் விபூதி பூசிய அந்த மனிதர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, “வரி இலக்கம் இல்லாதவங்க வியாபாரம் செய்ய ஏலாது. அப்படின்னா வியாபாரம் செஞ்சது நீங்கதான். இல்லேன்னா அவங்க நேர்ல வந்து சொல்லணும், இல்லாட்டி அதிகாரக் கடிதம் குடுத்து அனுப்பணும்” என்று ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ‘கையொப்பம் இடத் தெரியாதவிடத்து இடது பெருவிரல் அடையாளம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மறுபடியும் முத்திரை. விளக்கம் திருப்தியற்றது. கீழே, தண்டமும் தாமதக் கட்டணமும் சேர்த்து வரித்தொகை: பதினெட்டு லட்சம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அழகர் சிரித்துவிட்டான். பிறகு கூரையைப் பார்த்தான், சிரிப்பு நின்றுவிட்டது. “பதினெட்டு லட்சம் வச்சிருக்கவ எதுக்குடி என்னோட இந்தக் காம்பராவுல கெடக்குற?” என்றான்.

புரட்டாசியில் அவர்களே வந்தார்கள். இரண்டு வாகனம். முதலாவதில் விஜேந்திரன். இரண்டாவதில் பிரிவின் தலைமை அதிகாரி, எல்லோரும் பெரிய சேர் என்று சொல்கிற மனிதர். வெள்ளைச் சப்பாத்தோடு லயத்துச் சேற்றில் இறங்கிவிட்டு, சேறு தனக்குத் துரோகம் செய்துவிட்டதைப் போல அதைப் பார்த்தார்.

மரத்தை எண்ணினார்கள். இரண்டு உத்தியோகத்தர்கள் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு பழமாகத் தொட்டு, “ஒன்று”, “இரண்டு” என்று கத்த, கீழே ஒருவர் எழுதினார். அறுபத்து மூன்று. ஐம்பத்து மூன்று லட்சத்து ஐம்பத்தையாயிரம் ரூபா. பூவையும் எண்ணச் சொன்னார் பெரிய சேர், அது எதிர்கால வருமானமாம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே காற்றடித்துக் கொஞ்சம் கொட்டிவிட்டது. அதை ‘வருமான மறைப்பு முயற்சி’ என்று எழுதிக்கொண்டார்கள். மரத்தின் கழுத்தில் அரசாங்க நாடா கட்டி அரக்கு வைத்தார்கள். இனிப் பழம் பறிக்கக் கூடாது, தானாக விழுந்தாலும் ஏழு நாளைக்குள் அறிவிக்க வேண்டும்.

பிறகு காம்பராவுக்குள் வந்தார்கள். விஜேந்திரன் மேலே பார்த்தார். கூரை ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. படிவத்தில் ஓடு, தகரம், கொங்கிரீட் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. ஓட்டைக்குக் கட்டமில்லை. யோசித்துவிட்டு, ‘ஏனையவை: இயற்கை வெளிச்சம் வரக்கூடிய விசேட அமைப்பு’ என்று எழுதினார்.

“அது ஓட்ட சேர்” என்றாள் பாக்கியலெட்சுமி.

“நட்சத்திர ஹோட்டல்ல இதுக்குத் தனியாக் காசு எடுப்பாங்க” என்றார் அவர்.

வெளியே கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும் பெரிய சேருக்குப் பேச்சு வந்துவிட்டது. எலுமிச்சை மரத்தடியில் நின்று பேசினார்.

“அன்பான தோட்ட மக்களே! எங்களப் பத்திக் கதைக்கிறாங்க, பெரிய பெரிய ஆட்கள விட்டுட்டு சின்ன ஆட்களப் பிடிக்கிறோம்னு. அது அபாண்டம். பெரிய ஆட்களயும் நாங்க பிடிக்கப் போனோம். அவங்க சட்டத்தரணிய வச்சிருக்காங்க. ஒரு பைல முடிக்கப் பத்து வருஷம் போகுது. ஒங்ககிட்ட சட்டத்தரணி இல்ல. அதனால ஒங்களோட எங்க வேல ரொம்ப சுமுகமா நடக்குது. இந்த ஒத்துழைப்புக்கு நாடே நன்றி சொல்லணும். எங்களுக்கு வருஷத்துக்கு இத்தன கோடி காட்டணும்னு இலக்கு இருக்கு. காசு வரணும்னு இல்ல, காட்டணும். இன்னைக்கு இந்த மரம் அதக் காட்டியிருக்கு!”

யாரும் கை தட்டவில்லை. அவருடைய சாரதி தட்டினான்.

போகும்போது காம்பராவில் இருந்த நாற்பத்தொரு போத்தல் ஊறுகாயையும் சீல் வைத்து வாகனத்தில் ஏற்றினார்கள். அப்போது பாக்கியலெட்சுமி குறுக்கே போய் நின்றாள்.

“துண்டு குடுங்க சேர்.”

“என்ன துண்டு?”

“போத்தல எடுத்ததுக்குத் துண்டு. எத்தன, என்ன வெலன்னு போட்டு, கையெழுத்து வச்சு.”

அவள் யோசித்துக் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கொழுந்து நிறுத்துப் போடுகிறவள். தராசில் கூடையை வைத்தால் துண்டு வாங்காமல் நகரக் கூடாது, வாங்காதவளுக்கு நாலு கிலோ குறையும் என்பது கொழுந்து எடுக்கிற எல்லாருக்கும் கையோடு ஊறிய பழக்கம். விஜேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். ஊறுகாய் போத்தல் நாற்பத்தொன்று. ஒன்றின் பெறுமதி பத்து லட்சத்து இருபதாயிரம். மொத்தம் நாலு கோடியே பதினெட்டு லட்சத்து இருபதாயிரம். கையொப்பம். முத்திரை. அதை மடித்து, நிறுவைத் துண்டுகள் வைக்கிற சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்தது. மழை ஒருநாள்கூடப் பிந்தவில்லை, அதற்கு எந்தக் கந்தோரிலும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. பாக்கியலெட்சுமியும் அழகரும் காம்பராவின் ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். தகரக் கடைக்காரர் விலை ஏறப்போகிறது என்று இரண்டு தரம் போன் செய்துவிட்டார். அடுப்பு நனைந்தது, அரிசி நனைந்தது, ஊறுகாய் வியாபாரமும் நின்றுபோயிற்று.

இறுதி விசாரணை என்று கார்த்திகையில் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். ஒன்றரை வரை நின்றாள். அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு வாசனை வந்தது. வறுத்த வெந்தயம், நல்லெண்ணெய், கொஞ்சம் தூக்கலாகப் பெருங்காயம். தன் கையின் வாசனை அவளுக்குத் தெரியாதா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பெரிய சேரும் விஜேந்திரனும் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ‘பாக்கியம் ஊறுகாய்’ போத்தல், சீல் உடைத்து, பாதி காலியாக. ஜன்னலோரத்தில் இன்னும் நாலு வெறும் போத்தல்கள் கழுவி வைத்திருந்தன. ஒன்றில் பேனாக்கள், ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஏதோ கொடி.

“சாப்பாட்டு நேரம்மா, வெளியில நில்லுங்க” என்றார் விஜேந்திரன். வாயோரத்தில் எண்ணெய் வழிந்தது.

“அது என் போத்தல் சேர்.”

“பரிசோதனைக்கு எடுத்தது.”

அவள் மூலைக்குப் போய், அடுக்கியிருந்த பெட்டிகளைத் திறந்து எண்ணினாள். முப்பத்தாறு. திரும்பி வந்து சுருக்குப் பையிலிருந்து துண்டை எடுத்து மேசையில் விரித்தாள்.

“நாப்பத்தொண்ணு எடுத்தீங்க. முப்பத்தாறு இருக்கு. அஞ்ச சாப்பிட்டுட்டீங்க. ஒண்ணு பத்து லட்சத்து இருவதாயிரம்னு நீங்களே போட்டிருக்கீங்க. அம்பத்தோரு லட்சம். அதுல என் வரி பதினெட்டக் கழிச்சுக்கிட்டு, மிச்சம் முப்பத்து மூணு லட்சத்தக் குடுங்க சேர். நான் பஸ்ஸப் பிடிக்கணும்.”

பெரிய சேர் வாய்விட்டுச் சிரித்தார். “என்னம்மா நீங்க, அஞ்சு போத்தல் ஊறுகாய்க்குப் போய்! அறுநூத்தம்பது ரூபாச் சாமான் தான? இந்தாங்க, கையிலயே தாரேன்” என்று எண்ணெய் விரலோடு பர்ஸை எடுத்தார்.

“அறுநூத்தம்பதா சேர்?”

“பின்ன என்ன?”

“அத எழுதித் தாங்க.”

பெரிய சேரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. விஜேந்திரன் அவர் காதில் ஏதோ சொன்னார். வியாழக்கிழமை கொழும்பிலிருந்து கணக்குப் பரிசோதனைக் குழு வருகிறது. நாலு கோடி வருமானம் காட்டியதற்காகப் பிரிவுக்குப் பாராட்டு இருக்கிறது. அந்த நாலு கோடியில் ஐம்பத்தொரு லட்சத்தைச் சோற்றோடு பிசைந்து தின்றாகிவிட்டது. கையெழுத்தும் முத்திரையும் அந்தத் துண்டில் இருக்கின்றன. பாராட்டு போனால் போகட்டும், இது வெளியே வந்தால் வேலையே போய்விடும்.

நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒரு நாற்காலியின் பைல் கட்டு தரைக்கு இறங்கியது. “ஒக்காருங்க தங்கச்சி” என்றார் பெரிய சேர். தேத்தண்ணி வந்தது.

“தங்கச்சி, உண்மைங்கிறது என்ன? பைல்ல இருக்கிறதுதான் உண்மை. நாங்க ஒங்ககிட்ட எடுத்தது முப்பத்தாறு போத்தல்னு நீங்க ஒரு வாக்குமூலம் குடுங்க. இந்தத் துண்டத் திருப்பித் தந்துருங்க. கணினியில நடந்த தவறுனால பழத்துக்கு வெல கூடிப் போச்சுன்னு நாங்க எழுதுறோம். வரி இல்ல. மரத்து நாடாவ நீங்களே அவிழ்த்துக்கலாம். இன்னைக்கே பேங்குக்குக் கடிதம். இல்ல, துண்டத்தான் வச்சிருப்பேன்னு சொன்னா, அதுவும் ஒங்க உரிம. ஆனா விசாரணைன்னு போனா, மூணு வருஷம், நாலு வருஷம்... ஒங்க கணக்கு அது வரைக்கும் அப்படியே பத்திரமா இருக்கும்.”

பாக்கியலெட்சுமி துண்டைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரின் சட்டையையும் பிடித்து அந்தக் கொழும்புக் குழுவின் முன்னால் இழுத்துப் போட வேண்டும் போலிருந்தது. வெளியே மழை வலுத்தது. நெடும்பாறையில் இந்நேரம் அழகர் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக நகர்ந்துகொண்டிருப்பான்.

துண்டை அவர்கள் பக்கம் தள்ளினாள்.

“ஆமாங்க சேர். முப்பத்தாறு போத்தல்தான் எடுத்தீங்க.” வாயெல்லாம் கசந்தது.

விஜேந்திரன் அவசர அவசரமாக எழுதினார். பிறகு வேறொரு முத்திரையைத் தேடினார். அது மேசையின் அடித்தட்டில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாகக் கிடந்தது. உறையைப் பல்லால் கிழித்து, மையில் ஒற்றி, அவள் வாக்குமூலத்தின் கீழே ஓங்கிக் குத்தினார்: ‘விளக்கம் திருப்திகரமானது.’

கடிதத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். வாசலில் நின்று, மழையையும் பார்க்காமல், வாய் வறளும் வரை காறித் துப்பினாள். நாலு மாதமாக அந்தக் கந்தோரில் அவள் நடந்ததைத் தவிர வேறெதையும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் ஒரு பொய் சொன்னாள். அதை மட்டும் அவர்கள் உடனே நம்பிவிட்டார்கள்.